அபிஜான் – பிசாவ்: கூகுள் சொல்லும் தூரமும் டிக்கெட்டில் இருக்கும் தூரமும்

ஐவரி கோஸ்ட்டின் அபிஜானுக்கும் கினி-பிசாவ் நாட்டின் தலைநகரான பிசாவுக்கும் எவ்வளவு தூரம் என்று இணையத்தில் தேடினால் 1,480 கிலோமீட்டர் சொச்சம் என்று வரும். பக்கத்திலேயே விமான நேரம் 2 மணி 20 நிமிடம் என்று போட்டிருக்கும். கணக்குப்படி தப்பில்லை. பூமி உருண்டையின் மேல் இரண்டு ஊருக்கும் நடுவில் மிகக் குறுகிய கோட்டை இழுத்து, மணிக்கு 800 கிலோமீட்டர் வேகம் என்று வகுத்து, ஏறி இறங்க அரை மணி நேரம் சேர்த்தால் அந்த விடைதான் கிடைக்கும். ஆனால் அந்தக் கோட்டின் மேல் விமானம் பறக்கிறதா என்று அந்தத் தளங்கள் பார்ப்பதில்லை. நான் அங்கே போயிருந்த சீசனில் நேர் விமானம் ஒன்றுகூட எனக்குக் கிடைக்கவில்லை. மேற்கு ஆப்பிரிக்கக் கடலோரத்தில் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு வேலையாகக் கிளம்புகிறவர்கள், முக்கியமாக முந்திரி சீசனில் ஓடுகிற நம் ஆட்கள், கிளம்பும் முன் இதைப் படித்துவிட்டுப் போகட்டும் என்றுதான் எழுதுகிறேன். எனக்கு இதையெல்லாம் சொல்ல அன்று யாரும் இல்லை.

நான் பண்ருட்டியில் ஒரு முந்திரி கம்பெனிக்குக் கொள்முதல் பார்க்கிறேன். நம் ஊரில் விளைகிற கொட்டை நம் தொழிற்சாலைகளுக்குப் போதாது. ஆப்பிரிக்காவிலிருந்து கச்சாக் கொட்டை தூத்துக்குடி துறைமுகத்தில் வந்து இறங்கினால்தான் வருஷம் முழுக்க அடுப்பு எரியும். ஐவரி கோஸ்ட்டில் பிப்ரவரி வாக்கில் சீசன் ஆரம்பித்துவிடும். கினி-பிசாவில் கொஞ்சம் பின்னால், ஏப்ரல் மே மாதங்களில் சூடு பிடிக்கும். ஜூனில் மழை இறங்கிவிட்டால் கொட்டையில் ஈரம் ஏறி, பருப்பு கறுக்க ஆரம்பிக்கும். அதனால் அபிஜானில் வேலையை முடித்த கையோடு பிசாவுக்கு ஓடுவதுதான் எங்கள் தொழிலில் வழக்கம். பிசாவ் கொட்டைக்கு மரியாதையும் தனி. ஐவரி கோஸ்ட் சரக்கில் அவுட்டர்ன், அதாவது 80 கிலோ மூட்டைக்குத் தேறும் நல்ல பருப்பு, 47, 48 பவுண்டு வந்தால் தலையாட்டி வாங்குவோம். பிசாவில் 52, 53 சாதாரணமாக வரும். கிலோவுக்கு 300 கிராம் நல்ல பருப்பு தேறினால் 80 கிலோ மூட்டைக்கு 24 கிலோ, அதாவது ஏறக்குறைய 53 பவுண்டு என்று கணக்கு.

மே மாதக் கடைசியில் முதலாளி போன் செய்தார். பிசாவில் ஒரு ஏற்றுமதியாளரிடம் நல்ல லாட் இருக்கிறது, வெள்ளிக்கிழமைவரை நமக்காக நிறுத்தி வைப்பார், போய் கட்டிங் பார்த்துவிட்டு, அதாவது மாதிரிக் கொட்டையை வெட்டித் தரம் பார்த்துவிட்டு, பேசி முடித்துவிடு என்றார். "ரெண்டரை மணி நேரம்தானேப்பா, புதன்கிழமை கிளம்பினால்கூடப் போதும்" என்று அவரே சொன்னார். அவரும் அந்தத் தளத்தைத்தான் பார்த்திருக்கிறார். சென்னை ஏஜென்ட் போட்டுக் கொடுத்த டிக்கெட் அபிஜான் – டக்கார் – பிசாவ், போக வர ஒரே டிக்கெட். வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். அபிஜானிலிருந்து செனகல் தலைநகர் டக்கார் சுமார் 1,780 கிலோமீட்டர். பிசாவ் இருக்கும் இடத்தைத் தாண்டி வடக்கே போய், அங்கிருந்து 345 கிலோமீட்டர் தெற்கே திரும்பி வர வேண்டும். மொத்தம் 2,125. இதுதான் இருப்பதிலேயே நல்ல வழி. டோகோவின் லோமே வழியாகப் போனால் முதலில் 580 கிலோமீட்டர் கிழக்கே, அதாவது நேர் எதிர்த்திசையில் போய், பிறகு திரும்பி மேற்கே பறக்க வேண்டும், 2,500 ஆகிவிடும். மொராக்கோவின் காசாபிளாங்கா வழி என்றால் 5,600 கிலோமீட்டருக்கு மேல். லிஸ்பன் வழி 6,800. ஒரே கரையில் இருக்கிற இரண்டு ஊருக்கு நடுவில் ஐரோப்பாவைத் தொட்டுவிட்டு வருகிற டிக்கெட்டை ஏஜென்ட்டுகள் வெட்கமில்லாமல் விற்கிறார்கள், நாமும் வாங்குகிறோம்.

ஏன் இப்படி என்று அங்கே வருஷக்கணக்காக இருப்பவர்களிடம் கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். பிசாவ் 1970கள் வரை போர்ச்சுகல் கையில் இருந்தது, அதன் வான்வழி லிஸ்பனைப் பார்த்தே வளர்ந்தது. அபிஜானும் டக்காரும் பிரெஞ்சு ஊர்கள், அவை பாரிஸைப் பார்த்தன. பிரெஞ்சு பேசும் நாடுகள் சேர்ந்து 1961இல் தொடங்கிய ஏர் ஆஃப்ரிக், அபிஜானைத் தலைமையிடமாக வைத்து இந்தப் பக்கத்து நகரங்களை ஓரளவு கோர்த்து வைத்திருந்தது. 2002இல் அதுவும் மூடப்பட்டது. ஆப்பிரிக்க நாடுகள் ஒன்றுக்கொன்று வானத்தைத் திறந்துவிட வேண்டும் என்ற முடிவு 1999இல் எடுக்கப்பட்டது. எடுத்த இடம் வேறெங்கும் இல்லை, ஐவரி கோஸ்ட்டின் தலைநகரமான யாமுசூக்ரோ. அதைச் செயல்படுத்த 2018இல் ஒற்றை வான்சந்தை என்று ஒன்றையும் ஆரம்பித்தார்கள். காகிதத்தில் எல்லாம் நன்றாகவே இருக்கிறது. ஆனால் அபிஜானிலிருந்து பிசாவுக்குத் தினமும் ஒரு விமானத்தை நிரப்ப ஆள் வேண்டுமே. முந்திரி சீசன் முடிந்தால் யார் போவார்?

சரி, என் கதைக்கு வருகிறேன். அபிஜானில் காலை விமானம். விமான நிலையம் போர்ட் புவேயில் இருக்கிறது. ஊருக்குப் பக்கம்தான் என்றாலும் பாலத்து நெரிசலைக் கணக்கில் வைத்து விடிவதற்கு முன்பே போய்விட்டேன். என் தோள் பையில் கொட்டை வெட்டுகிற கட்டர், சின்னத் தராசு, ஈரப்பதம் பார்க்கிற மீட்டர் மூன்றும் இருந்தன. பாதுகாப்புச் சோதனையில் கட்டரை வெளியே எடுத்து நாலு பேர் கூடிப் பார்த்தார்கள். எதற்கு என்று சைகையில் வெட்டிக் காட்டினேன், அது நிலைமையை இன்னும் மோசமாக்கியது. ஒரு வழியாகத் திரும்பிப் போய் அந்தப் பையையும் சரக்குப் பகுதிக்குப் போட வைத்தார்கள். என் தொழிலே அந்தப் பைக்குள் இருந்தது. கையில் மிஞ்சியது பாஸ்போர்ட், போன், ஒரு சட்டை. சாமான் சீட்டில் பிசாவ் என்று அச்சாகியிருப்பதைப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டேன். சீட்டில் இருக்கும் மூன்றெழுத்து விமான நிலையக் குறியை நீங்களும் பாருங்கள். ஓ.எக்ஸ்.பி என்றால் பிசாவ். சி.கே.ஒய் என்றால் கொனாக்ரி, அது பக்கத்து நாடான கினி. எஸ்.எஸ்.ஜி என்றால் மலாபோ, அது ஈக்குவடோரியல் கினி, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி. இங்கிருந்து டிக்கெட் போடுகிற பையனுக்கு மூன்று கினியும் ஒன்றுதான். அபிஜான் ஏ.பி.ஜே, நைஜீரியாவின் அபுஜா ஏ.பி.வி, அதையும் குழப்பியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

விமானம் கிளம்பவில்லை. முதலில் ஒரு மணி நேரம் தாமதம் என்றார்கள். அப்புறம் அறிவிப்பே இல்லை. விமானத்தில் ஏதோ பழுது என்று ஒருவர், விமானமே இன்னும் வேறு ஊரிலிருந்து வரவில்லை என்று இன்னொருவர். டக்காரில் எனக்குக் கிடைத்திருந்த இடைவெளி இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. கவுன்டரில் இருந்த பெண்ணிடம் டிக்கெட்டைக் காட்டி, பிசாவ் விமானம் போய்விடுமே என்றேன். "டக்காரில் பார்த்துக்கொள்வார்கள்" என்றார். இந்த வாக்கியத்தை எங்கே கேட்டாலும் உஷாராகிவிடுங்கள். அங்கேயே, அந்தக் கவுன்டரிலேயே, தாமதத்துக்கான ஒரு கடிதம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நேரம், விமான எண், முத்திரை மூன்றும் இருக்க வேண்டும். என் பக்கத்தில் நின்ற மாலி நாட்டு வியாபாரி ஒருவர் கேட்டு வாங்கியதைப் பார்த்து நானும் வாங்கினேன். பிறகு எனக்குக் கிடைத்த ஒரே ஆதாரம் அந்த அரைப்பக்கத் தாள்தான்.

டக்காரில் இறங்கியபோது பிசாவ் விமானம் போயிருந்தது. அதுகூடப் பரவாயில்லை. அடுத்தது எப்போது என்று கேட்டேன். சனிக்கிழமை. அந்த நிறுவனம் பிசாவுக்குத் தினமும் போவதில்லை, வாரத்தில் சில நாட்கள்தான். அந்தச் சனிக்கிழமை விமானமும் நிறைந்துவிட்டது, காத்திருப்போர் பட்டியலில் போடுகிறேன் என்றார்கள். எனக்கு அடிவயிறு கலங்கியது அப்போதுதான். வெள்ளிக்கிழமை கெடு. கையில் துணி இல்லை, கருவி இல்லை, பிரெஞ்சு அரைகுறை. முதலாளிக்குப் போன் செய்தால் "முந்நூறு கிலோமீட்டருக்கு மூணு நாளா?" என்று கத்தினார். எனக்கும் அதே கேள்விதான், ஆனால் திருப்பிக் கத்த எனக்கு ஆள் இல்லை.

இங்கே நின்று ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முழு விஷயமும் இதில்தான் இருக்கிறது. இந்தப் பக்கத்துப் பயணத்தில் கிலோமீட்டரையும் பறக்கும் நேரத்தையும் பார்க்காதீர்கள். வழியில் மாறி ஏறும் கடைசி விமானம் வாரத்தில் எந்தெந்தக் கிழமை பறக்கிறது என்று பாருங்கள். டக்கார் – பிசாவ் பறக்கும் நேரம் ஒரு மணிக்கும் குறைவு. ஆனால் அதைத் தவறவிட்டால் ஆகும் நேரம் இரண்டு நாளோ மூன்று நாளோ. டிக்கெட் போடும் முன் ஏஜென்ட்டிடம் கேட்க வேண்டியது "இது போய்விட்டால் அடுத்தது எப்போது?" என்பதைத்தான். விடை "மறுநாள்" என்றால் இரண்டு மணி நேர இடைவெளியில் போகலாம். "மூன்று நாள் கழித்து" என்றால் முந்தின நாளே டக்காருக்குப் போய், ஓர் இரவு தங்கிவிட்டு நிதானமாக ஏறுங்கள். அந்த ஓட்டல் செலவுதான் மலிவு. தங்குவதற்குச் செனகல் நுழைவு அனுமதி வேண்டும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். செனகலின் தெற்கே காசமான்ஸ் பகுதியிலும் முந்திரி விளைகிறது. அதற்காக எடுத்த செனகல் விசா என் பாஸ்போர்ட்டில் இன்னும் உயிரோடு இருந்தது. அது இல்லாவிட்டால் சனிக்கிழமைவரை அந்தக் காத்திருப்புக் கூடத்து இரும்பு நாற்காலிதான் எனக்குப் படுக்கை. போகிற நாட்டுக்கு மட்டுமல்ல, மாறுகிற நாட்டுக்கும் விசா விதியைப் பார்க்க வேண்டும். திரும்பி வருகிற நாட்டுக்கும்தான். ஐவரி கோஸ்ட் விசாவை ஒரு முறை நுழைவுக்கு மட்டும் எடுத்திருந்தால் பிசாவ் போய்விட்டு மறுபடி அபிஜானுக்குள் நுழைய முடியாது.

வெளியே வந்ததும் அடுத்த அடி. டக்கார் விமான நிலையம் டக்காரில் இல்லை. பழைய நிலையம் யோஃபில், ஊருக்குள்ளேயே இருந்தது. 2017 டிசம்பரிலிருந்து எல்லாம் பிளேஸ் ஜாஞ் விமான நிலையத்துக்கு மாறிவிட்டது. அது ஜாஸ் ஊர்ப் பக்கம், நகரத்திலிருந்து நாற்பது கிலோமீட்டருக்கு மேல். டாக்ஸிக்காரர் முதலில் 40,000 செஃபா, அதாவது அந்தப் பக்கத்து ஃபிராங்க், கேட்டார், பேசி 25,000க்குக் கொண்டுவந்தேன். அப்போது ஏழு செஃபாவுக்கு ஒரு ரூபாய் என்று தோராயமாக வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டலுக்கு 38,000. விமானக் கம்பெனி தருவதாகச் சொன்ன ஓட்டல் வண்டிக்காக இரண்டு மணி நேரம் வாசலில் நின்று பார்த்துவிட்டு நானே கிளம்பியதால் இதெல்லாம் என் கைக்காசு.

அன்றிரவு ஓட்டல் வரவேற்பில் இருந்த பையன்தான் வழி சொன்னான். சிகின்சோருக்குப் போ, அங்கிருந்து பிசாவ் காரில் அரை நாள்கூட ஆகாது என்றான். சிகின்சோர் செனகலின் தெற்கு மூலையில் இருக்கிறது. டக்காருக்கும் அதற்கும் நடுவில் காம்பியா என்ற நாடு குச்சி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிறது. தரை வழியாக நேராகப் போனால் காம்பியாவுக்குள் நுழைந்து வெளியேற வேண்டும், அதற்கு வேறு அனுமதி. உள்நாட்டு விமானத்தில் இடம் இல்லை. மிஞ்சியது கப்பல். டக்கார் துறைமுகத்திலிருந்து மாலையில் கிளம்பி, கடல் வழியாகக் காம்பியாவைச் சுற்றிக்கொண்டு, காசமான்ஸ் ஆற்றுக்குள் நுழைந்து மறுநாள் காலை சிகின்சோரில் விடும். 2002இல் இதே தடத்தில் ஓடிய ஜூலா என்ற கப்பல் கவிழ்ந்து 1,800க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதைக் கேட்டபின் எனக்குக் கொஞ்சம் உதறல்தான். ஆனால் அதற்குப் பிறகுதான் கெடுபிடி வந்திருக்கிறது. பாஸ்போர்ட்டைக் காட்டாமல் டிக்கெட் கிடையாது, தலைக்கு ஒரு டிக்கெட் என்று எண்ணித்தான் ஏற்றுகிறார்கள். தினமும் ஓடுவதில்லை, வாரத்தில் சில நாட்கள்தான். எனக்கு நல்ல காலம், மறுநாள் மாலை ஒன்று இருந்தது.

காலையில் கடையைத் திறக்கும் முன்பே டிக்கெட் கவுன்டரில் நின்றேன். தபாஸ்கி, அதாவது நம் ஊர் பக்ரீத், வர சில நாள்தான் இருந்தது. டக்காரில் வேலை செய்கிற காசமான்ஸ்காரர்கள் அத்தனை பேரும் ஊருக்குப் போகிற நேரம். படுக்கை அறைகள் தீர்ந்துவிட்டன. சாய்வு நாற்காலி ஒன்று கிடைத்தது. பயணத் தேதியைப் போடும்போது இந்தப் பண்டிகையையும் பாருங்கள். ஒவ்வொரு வருஷமும் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே வரும், மேற்கு ஆப்பிரிக்காவில் அந்த வாரம் எந்த வண்டியிலும் இடம் கிடைக்காது, கிடைத்தாலும் ஒன்றுக்கு இரண்டு விலை.

கப்பலை நான் குறை சொல்லமாட்டேன். அந்தப் பயணத்தில் நேரத்துக்குக் கிளம்பி நேரத்துக்குச் சேர்ந்த ஒரே வாகனம் அதுதான். இரவு முழுக்கக் குளிரூட்டி எலும்புக்குள் அடித்தது, என்னிடம் போர்வை இல்லை, பக்கத்து நாற்காலி அம்மாள் தன் துணி மூட்டையிலிருந்து ஒரு பாவாடைத் துணியை எடுத்துப் போர்த்திவிட்டார். விடிந்தபோது ஆற்றின் இரண்டு கரையிலும் சதுப்பு மரங்கள், மீனவர்களின் நீளப் படகுகள். பிச்சாவரம் ஞாபகம் வந்தது. ரசிக்கிற மனநிலை இல்லை.

சிகின்சோரில் கினி-பிசாவ் துணைத் தூதரகம் இருக்கிறது. விமான நிலையத்தில் இறங்குகிறவனுக்கென்று எடுத்த நுழைவு அனுமதிக் காகிதம் தரை எல்லையில் செல்லுமோ என்ற பயத்தில் முதலில் அங்கே போனேன். மனுவை எழுதிக் கொடுத்து, பணம் கட்டி, காத்திருந்து புது விசாவே வாங்கிவிட்டேன். சென்னையில் உட்கார்ந்துகொண்டு நாலு ஏஜென்ட்டுகளைத் துரத்தியதைவிட வேகமாக முடிந்தது. பிறகு வண்டி நிலையம். அங்கே ஓடுவது செத்-பிளாஸ், ஏழு பேர் ஏறும் பழைய பூஜோ வண்டி. ஏழாவது ஆள் வந்தால்தான் கிளம்பும். நடு வரிசையில் உட்காருங்கள். பின் வரிசையில் தலை கூரையில் இடிக்கும், கால் நீட்ட வழியில்லை. மூட்டைக்குத் தனிக் காசு, அதைப் பேரம் பேசலாம். இருக்கைக்கு விலை ஒன்றுதான். அவசரம் என்றால் காலியாக இருக்கும் இருக்கைகளுக்கும் நீங்களே காசு கொடுத்துவிட்டால் உடனே கிளம்பிவிடுவார்கள். நான் இரண்டு இருக்கைக்குச் சேர்த்துக் கொடுத்தேன். எங்கள் வண்டியின் கூரையில் இரண்டு ஆடுகள் வலையில் கட்டப்பட்டு உட்கார்ந்திருந்தன. எல்லை வரைக்கும் அவை கத்திக்கொண்டே வந்தன.

செனகல் பக்கம் எம்பாக், அந்தப் பக்கம் சாவ் டொமிங்கோஸ். இரண்டு இடத்திலும் இறங்கி, வரிசையில் நின்று, முத்திரை வாங்க வேண்டும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டையைக் கேட்டார்கள், இருந்தது. இதை நம் ஊரிலேயே முடித்துவிட்டுக் கிளம்புங்கள். எல்லா ஆஸ்பத்திரியிலும் போடமாட்டார்கள், சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் மாதிரி அனுமதி பெற்ற இடங்களில்தான். போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் அட்டை செல்லும், அதனால் டிக்கெட் கைக்கு வந்தபின் ஓடினால் நேரம் போதாது. 2016லிருந்து ஒரு முறை போட்டால் ஆயுளுக்கும் போதும் என்று விதி. எல்லையிலிருந்து பிசாவ் சுமார் 120 கிலோமீட்டர். வழியில் கசேவ் ஆற்றுக்கும் மன்சோவா ஆற்றுக்கும் பாலம் இருக்கிறது. முன்பெல்லாம் படகுக்குக் காத்துக் கிடப்பார்களாம். சாலை குண்டும் குழியும். இருட்டுவதற்குள் பிசாவ் சேர்ந்தேன். வெள்ளிக்கிழமை மாலை.

பணத்தில் ஒரே ஒரு நிம்மதி. ஐவரி கோஸ்ட், செனகல், கினி-பிசாவ் மூன்றுக்கும் ஒரே செஃபா ஃபிராங்க். கினி-பிசாவ் 1997இல் தன் பெசோவை விட்டுவிட்டு இதற்கு மாறியது. யூரோவுக்கு 655.957 என்று கட்டிவைத்த விலை, ஏறாது இறங்காது. அதனால் அபிஜானிலேயே செஃபாவாக எடுத்துக்கொண்டு போங்கள். பிசாவில் கார்டை நம்பவே நம்பாதீர்கள். ஆனால் காமரூன், காபோன் பக்கத்துச் செஃபா வேறு. பெயரும் மதிப்பும் ஒன்றானாலும் இங்கே கடையில் வாங்கமாட்டார்கள். கினி கொனாக்ரியின் ஃபிராங்க் இன்னும் வேறு.

ஏற்றுமதியாளர் நாற்காலி போட்டு உட்கார வைத்து, குளிர்ந்த தண்ணீர் கொடுத்து, லாட் மத்தியானமே வியட்நாம்காரர்களுக்குப் போய்விட்டது என்றார். மத்தியானம்வரை காத்திருந்தாராம். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, சீசன் கடைசியில் யார் காசோடு வருகிறார்களோ அவர்களுக்குத்தான் சரக்கு. அன்றிரவு அறையில் உட்கார்ந்து அழுதேன் என்று எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. களைப்பா, கோபமா, தெரியாது. ஆறுதலுக்கு வீட்டுக்குப் போன் செய்யலாம் என்றால் அங்கே நடு இரவு தாண்டிவிட்டது.

மறுநாள் வேறொரு குடோனில் சரக்கு இருக்கிறது என்று கூட்டிப்போனார்கள். என் கட்டர் இன்னும் டக்காரில். குடோன்காரரின் கட்டரைக் கடன் வாங்கினேன். அதன் ஒரு கத்தி முனை மழுங்கி, கொட்டை வெட்டுப்படாமல் நசுங்கியது, கொட்டை ஓட்டில் இருக்கும் தோட்டெண்ணெய் விரலெல்லாம் பட்டுத் தோல் உரிந்தது. மூட்டைகளில் குத்தூசி போட்டு எடுத்த மாதிரியைக் கலந்து, ஒரு கிலோ நிறுத்து, ஒவ்வொன்றாக வெட்டித் தரையில் வகை பிரித்தேன்: நல்லது, புள்ளி விழுந்தது, பிஞ்சு, அழுகல். முந்தின வாரம் அங்கே முதல் மழை பெய்திருக்கிறது. மேல் மூட்டைகளில் 51 வந்தது, சுவரோரத்து அடி மூட்டைகளில் 48கூட வரவில்லை. ஈரமானி இல்லாமல் ஈரத்தை எப்படிப் பேசுவது? கொட்டையைக் கையில் குலுக்கிச் சத்தத்தை வைத்துச் சொன்னால் ஊரில் தாத்தா காலத்தில் ஒப்புக்கொள்வார்கள். கடைசியில் மேல் அடுக்குச் சரக்கை மட்டும், நினைத்ததில் பாதி அளவுக்கு, நினைத்ததைவிட அதிக விலைக்குப் பேசி முடித்தேன். கம்பெனிக்கு அதில் போனது என் சம்பளக் கணக்கில் அடங்காத தொகை. முதலாளி நல்லவர், அதைப் பற்றி இரண்டாவது முறை பேசவில்லை.

தொழில் கருவி விஷயத்தில் ஒன்று. வெட்டும் கருவியைத் தோள் பையில் வைக்க முடியாது, சரி. ஆனால் தராசையும் ஈரமானியையும் தோள் பையிலேயே வைத்திருக்கலாம். பேட்டரி உள்ள பொருள் அங்கே இருப்பதுதான் நல்லதும்கூட. கட்டரைப் பிசாவிலேயே தெரிந்தவரிடம் ஒன்று வாங்கி வைக்கச் சொல்லிவிடலாம். இப்போது அப்படித்தான் செய்கிறேன்.

பை சனிக்கிழமை விமானத்திலும் வரவில்லை, அடுத்த விமானத்தில்தான் வந்தது. பிசாவ் விமான நிலையம் ஊருக்கு மிகப் பக்கம், அதனால் போய்ப் போய்க் கேட்க முடிந்தது. சாமான் வரவில்லை என்றால் நிலையத்திலேயே புகார்ப் படிவம் எழுதி, அதன் எண்ணை வாங்கிக்கொள்ள வேண்டும். நான் தரை வழியாக வந்துவிட்டதால் நீ பயணமே செய்யவில்லையே என்று எழுத மறுத்தார்கள். அபிஜான் தாமதக் கடிதத்தைக் காட்டியபின் எழுதினார்கள். தாமதமாக வந்த சாமானுக்கு இழப்பீடு கேட்பதானால், அது கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாளுக்குள் எழுத்தில் கேட்க வேண்டும். உடைந்து வந்திருந்தால் 7 நாள்தான். போனில் சொன்னது, கவுன்டரில் சொன்னது எதுவும் கணக்கில் வராது.

இதைவிடப் பெரிய அடி திரும்பும்போது. போக வர ஒரே டிக்கெட்டில் நடுவில் ஒரு விமானத்தில் நாம் ஏறவில்லை என்றால், மிச்ச விமானங்கள் எல்லாம் தானாக ரத்தாகிவிடும். டக்கார் – பிசாவ் நான் ஏறவில்லை அல்லவா? திரும்பும் டிக்கெட் அப்படியே போய்விட்டது. விமானத்தைத் தவறவிடச் செய்ததே அவர்கள்தான் என்று எவ்வளவோ சொல்லியும், கணினியில் நீங்கள் வரவில்லை என்றுதான் இருக்கிறது என்றார்கள். 1,85,000 செஃபா கொடுத்து ஒரு வழி டிக்கெட் புதிதாக வாங்கினேன். அதனால் நடுவில் தரை வழியாகப் போக முடிவு செய்தால், கிளம்பும் முன் அந்த நிறுவனத்தின் கவுன்டருக்குப் போய், இந்த ஒரு விமானத்தை மட்டும் விட்டுவிடுகிறேன், திரும்பும் பயணத்தை உயிரோடு வையுங்கள் என்று சொல்லி, மாற்றிய டிக்கெட்டை மின்னஞ்சலில் வரவழைத்துப் பார்த்தபின் நகருங்கள். ஏறாத விமானத்துக்குப் பணம் திரும்பக் கேட்கவும் அதுதான் சமயம்.

திரும்பும்போது டக்காரில் வேண்டுமென்றே ஓர் இரவு தங்கினேன். நகரத்துக்குள் போகவில்லை, விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே ஜாஸில் சின்ன விடுதி, டாக்ஸி 5,000க்குள் முடிந்தது. சென்னையில் இறங்கியதும் மஞ்சள் அட்டையை மறுபடி கேட்டார்கள். அந்த நாடுகளிலிருந்து அட்டை இல்லாமல் வந்தால் ஆறு நாள்வரை தனிமையில் வைத்துவிடுவார்கள். அதனால் அதைப் பெட்டிக்குள் போடாமல் பாஸ்போர்ட்டோடு வையுங்கள். என் அட்டை சட்டைப்பையில் இருந்தது. ஓட்டல், டாக்ஸி, கப்பல், புது டிக்கெட் ரசீதுகளை வைத்து விமானக் கம்பெனிக்கு எழுதினேன். டாக்ஸிக்கும் ஓட்டலுக்கும் பாதித் தொகை வந்தது. டிக்கெட் பணத்துக்கு "பரிசீலனையில் இருக்கிறது" என்று கடைசியாக ஒரு பதில் வந்தது, அதற்குப் பிறகு ஒன்றும் காணோம்.